காஸ்பார் மோன்ஜும் அவர்தம் மாணாக்கரும்

மாளிகையொன்றை எழுப்பக் கருதும் இஞ்சினீயர் முதற்கண் தொடுவது கல்லையன்று, காகிதத்தையே. மேலிருந்து நோக்கின் அம்மாளிகை எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு ஒரு படமும், முன்னின்று நோக்கின் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு மற்றொரு படமும் வரைந்து, அவ்விரண்டையும் ஒரே தாளில் மேலுங் கீழுமாக அமைக்கின்றார். அத்தாளைக் கண்ட கொத்தனும் தச்சனும் கொல்லனும் தத்தம் அளவை அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர். நம் நாட்டு இஞ்சினீயரிங் கலாசாலைகளிற் புகும் இளைஞர் முதலாண்டிலேயே இவ்வித்தையைக் கற்கின்றனர். அவருட் பலர் இரவெல்லாம் விழித்து இப்படங்களை வரைந்திருப்பர். சிலர் அறைத்தோழர் வரைந்த தாளின்மேல் தம் தாளை வைத்துப் படியெடுத்துமிருப்பர். இவ்வித்தையை ஒரு சாஸ்திரமாக வகுத்து உலகிற்கு அளித்தவர் பிரெஞ்சு தேசத்துக் காஸ்பார் மோன்ஜ் என்பவர். அவர் சரித்திரத்தையே ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் மாணாக்கராயிருந்த நாளில், பரீக்ஷைக்கு மூன்று வாரத்திற்கு முன்னர், நூல்நிலையத்தில் ஒரே பிரதியாயிருந்த கணித நூலொன்றைச் சரித்திர நூல்களின் பின்னே மறைத்து வைத்தோம். வேண்டியபோது சென்று எடுத்துப் படித்து மீண்டும் அங்கேயே மறைப்போம். நம் வகுப்பினர் அந்நூலைத் தேடி அலைந்ததைக் கண்டும் வாய் திறந்தோமில்லை. அவ்வாண்டு நமக்கு எண்கள் மிகுதியாகக் கிடைத்தன என்பது மெய். அந்நூலில் விளங்காத பகுதியொன்று இன்றளவும் நமக்கு விளங்காமலே நிற்பதும் மெய். கேட்டறிய வேண்டுமாயின் நூல் நம் கையிலுள்ளது என்று பிறர்க்குச் சொல்ல வேண்டியிருந்ததன்றோ! ஒருவரையொருவர் முந்தி ஓடுவதனால் நல்ல இஞ்சினீயர் உண்டாவரோ, ஒருவரோடொருவர் கூடியிருந்து உழைப்பதனால் உண்டாவரோ என்னும் வினா அன்றுதொட்டு நம் நெஞ்சிற் கிடந்தது. இவ்வினாவோடு தம் வாழ்நாள் முழுதும் பழகியவர் மோன்ஜ் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவர் 1746-ஆம் ஆண்டு மே மாதத்தில், பர்கண்டி நாட்டிலுள்ள போன் என்னுஞ் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊரூராகச் சென்று சரக்கு விற்கும் எளிய வியாபாரி. கல்வியின் அருமையை அறிந்தவராதலின் தம் மைந்தர் மூவரையும் அவ்வூரில் பாதிரிமார் நடத்திய கலாசாலைக்கு அனுப்பினார். மூவரும் பிற்காலத்திற் கணித ஆசிரியராயினர். மூத்தவராகிய காஸ்பார் பதினான்காம் வயதிலேயே தீயணைக்கும் பொறியொன்றைத் தாமே செய்துவிட்டாராம். வழிகாட்டுவார் ஒருவருமின்றி எவ்வாறு செய்தாய் என்று ஊரார் வியந்து வினவ, விடாமுயற்சியும் தம் விரல்களுமே துணையாயின என்றாராம். பதினாறில் லியோன் நகரத்துக் கலாசாலைக்குச் சென்றார். பதினேழில் அங்கேயே பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் பணி அவர்க்கு அளிக்கப்பட்டது.

1764-இல் ஊர் திரும்பியவர், அளவுக் கருவிகளையும் தாமே செய்துகொண்டு, போன் நகர் முழுவதையும் அளந்து பெரியதொரு படம் வரைந்தார். அப்படத்தைக் கண்ட இராணுவ இஞ்சினீயர் உத்தியோகஸ்தர் ஒருவர் வியந்து, அவரை மெஸியேர் என்னும் ஊரிலிருந்த அரசாங்க இராணுவ இஞ்சினீயரிங் பள்ளிக்கு அழைத்தார். ஐரோப்பாவில் அந்நாளில் அதற்கு நிகரான பள்ளிகள் மிகச் சிலவே. மோன்ஜ் மிக்க ஆவலோடு 1765-இற் சென்றார். சென்ற பின்னரே உண்மை தெரிந்தது. அப்பள்ளியில் மாணாக்கராகச் சேரவும் பரீக்ஷை உண்டு. ஆனால் அப்பரீக்ஷைக்கு வந்து உட்காருவதற்கே உயர்குடிப் பிறப்புக்குச் சான்று வேண்டும். சரக்கு விற்பவர் மகனுக்கு அவ்வாயில் திறவாது. அவர் சேர்க்கப்பட்டது பள்ளியைச் சார்ந்த பணிச்சாலையில். படம் வரைவதும், சுண்ணச் சாந்தினாற் கோட்டை மாதிரிகள் செய்வதும் அவர் தொழில். பக்கத்து மண்டபத்திற் பிரபுக்களின் பிள்ளைகள் கணிதம் கேட்டுக்கொண்டிருக்க, அவரினும் கணிதம் அறிந்த ஒருவர் இங்கே சாந்து பிசைந்துகொண்டிருந்தார். இந்நிலையைக் குறித்து அவர் மிக வெகுண்டிருந்தார் எனவும், தாம் வரைந்த படங்களைக் கிழித்தெறியலாமா என்று பலகாலும் எண்ணினார் எனவும் அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

ஓராண்டு கழிந்தது. ஒருநாள் கோட்டை வகுப்பது பற்றிய கணக்கொன்று அவரிடம் வந்தது. கோட்டைக்குப் புறத்தே மேடான நிலம் இருக்குமாயின், பகைவர் அதன்மேல் நின்று உள்ளிருப்பாரைக் காணவும் சுடவும் கூடும். மதிலை எவ்விடத்து எவ்வளவு உயர்த்தினால் உள்ளிருப்பார் முற்றும் மறைவர் என்று காண வேண்டும். அந்நாளில் இதனை நீண்ட எண்கணக்கினாலேயே செய்து வந்தனர்; பல நாட்கள் செல்லும். மோன்ஜ் எண்களை விடுத்துக் கோடுகளாலேயே விடையைக் கண்டு, மிக விரைவில் எடுத்துச் சென்றார். மேலதிகாரி அதனைப் பார்க்கவும் மறுத்தார். இத்துணை விரைவில் இக்கணக்கைச் செய்தல் இயலாது, ஆதலின் இது பிழையாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மோன்ஜ் விடாது வற்புறுத்தவே, சோதித்துப் பார்த்தனர். விடை சரியாயிருந்தது. அன்று அவர் கையாண்ட முறையிலிருந்தே, திண்பொருள்களைத் தட்டையான தாளில் இரு தோற்றங்களாக வரைந்து அளக்கும் சாஸ்திரம் வளர்ந்தது.

பள்ளியார் அவரைப் பாராட்டினர். கற்பிக்கும் பணியில் அமர்த்தினர். 1769-இல் கணித ஆசிரியரும், அடுத்த ஆண்டிற் பௌதிக ஆசிரியருமாக்கினர். ஆனால் அவர் கண்ட முறையை மட்டும் பூட்டிவைத்தனர். பிற தேசத்தார் அறியின் அவர்களும் தம் கோட்டைகளை நன்கு கட்டிவிடுவர் என்பது அச்சம். மெஸியேருக்கு வெளியே அதனைக் கற்பித்தலாகாது, அச்சிடுதலாகாது என்று விதித்தனர். இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டு அம்முறை நான்கு சுவர்க்குள்ளேயே கிடந்தது. கல் செதுக்குவோர்க்கும் மரம் அறுப்போர்க்கும் நாள்தோறும் பயன்படக்கூடியதொன்று, அரசரோடு அரசர் கொண்ட போட்டியினால் அவர்க்கு எட்டாது நின்றது. மறைத்து வைக்கப்பட்ட நூலின் கதை நமக்குப் புதிதன்றாதலின் இதனை விரிக்காது மேற்செல்கின்றோம்.

மெஸியேரில் மோன்ஜ் எத்தகைய ஆசிரியராயிருந்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1774-இல் மெனியே என்னும் இளைஞர் அப்பள்ளிக்கு வந்தார். வந்த அன்று மாலையே மோன்ஜைக் கண்டு, தம் கல்வியின் அளவை அறிதற்பொருட்டுக் கணக்கொன்று தருமாறு வேண்டினார். வளைந்த பரப்புக்கள் எவ்வெத் திசையில் எவ்வளவு வளைகின்றன என்பதுபற்றி ஆய்லர் என்னும் பெருங்கணிதர் கண்ட முடிவுகளை மோன்ஜ் எடுத்துச் சொல்லி, அவற்றிற்குரிய நிரூபணத்தை முயன்று காணுமாறு விடுத்தார். மறுநாட் காலையில் மெனியே ஒரு சிறு காகிதத்தைக் கொணர்ந்து நீட்டினார். அதில் நிரூபணம் இருந்தது; அன்றியும் ஆய்லருடையதைக் காட்டிலும் குறுகிய நேர்வழியில் இருந்தது. மோன்ஜும் அதே துறையில் உழைத்து வந்தவர், இருபத்தெட்டு வயதினர், பெயர் பெற வேண்டிய பருவத்தினர். வேறொருவராயின் அக்காகிதத்தைக் கண்டு உள்ளம் சுருங்கியிருப்பர். மோன்ஜ் செய்ததோ, ஆய்லரின் மூலநூல் எந்தத் தொகுதியில் உள்ளது என்று காட்டி அனுப்பியதே. மெனியே அதனைப் படித்து மேலும் ஆராய்ந்து தாம் கண்ட தேற்றத்தைப் பாரிஸிலுள்ள விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். கணிதம் பயில்வோர் இன்றும் அதனை மெனியேயின் பெயராலேயே வழங்குகின்றனர். அவ்வரலாற்றைப் பிற்காலத்து மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்லியவரும் மோன்ஜே.

1783-ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் மோன்ஜ் மெஸியேரிலிருந்த தம் சாலையில் இருவகை வாயுக்களைச் சேர்த்து எரித்து நீரை உண்டாக்கினார். நீர் ஒரு தனிமூலப் பொருளன்று என்பதை இது காட்டிற்று. இங்கிலாந்தில் காவெண்டிஷும், பாரிஸில் லவாய்சியரும் இதே சோதனையைச் செய்திருந்ததை அவர் அறியார். முதலிற் கண்டவர் யாவர் என்பதைக் குறித்து ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் எழுந்த பூசல் பல்லாண்டு நீடித்தது. நீராவி யந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டும் அதிற் கலந்துகொண்டார். மோன்ஜ் மட்டும் பிறர் தமக்கு முன்னரே செய்தனர் என்பதை ஒப்புக்கொண்டு, தம் அளவைகளை அச்சிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பின்னர் பெர்த்தொலே, வாந்தர்மோந்து என்பாருடன் கூடி, இரும்பும் எஃகும் எதனால் வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தார். மூவர் பெயராலும் 1786-இல் அது வெளிவந்தது.

இதனால் மோன்ஜ் போட்டியையே வெறுத்தவர் என்று கொள்ளுதல் தவறாகும். அதே 1783-இல் அவர் கடற்படை மாணாக்கர்க்குப் பரீக்ஷாதிகாரியாக நியமிக்கப்பட்டார். துறைமுகந்தோறும் சென்று பரீக்ஷை நடத்துவது அவர் கடமை. அதில் அவர் கடுமையானவர். பெருங்குடியிற் பிறந்த ஓர் இளைஞனைத் தேர்ச்சி பெறவில்லையென்று தள்ளிவிட்டார். கடற்படை மந்திரி இதுபற்றி அவரிடம் பேச, அவ்விளைஞனைச் சேர்த்துக்கொள்ள மந்திரிக்கு அதிகாரம் உண்டு. சேர்த்துக்கொண்டால் தம் உத்தியோகத்தையும் அன்றே எடுத்துவிட வேண்டும் என்று விடையிறுத்தாராம். பிறப்பினால் அடைக்கப்பட்ட வாயிலைத் திறக்க வல்லது நேர்மையான பரீக்ஷை ஒன்றே என்பதைப் பணிச்சாலையில் நின்று கற்றவர் அவர். அதே மந்திரி, முன்னிருந்த அதிகாரியாகிய பெஸூ என்பார் எழுதிய பாடநூல்களுக்குப் பதிலாகப் புதியன எழுதித் தருமாறு கேட்டபோதோ அவர் இசைந்தாரல்லர். பெஸூ காலஞ்சென்றுவிட்டார்; அவர் மனைவியார்க்கு அந்நூல்களின் வருவாயே ஆதாரம்; அதனைப் பறிப்பதற்குத் தாம் உடன்படுவதில்லையென்று கூறிவிட்டார். பெஸூ எழுதாது விட்ட நிலையியல் என்னும் பகுதிக்கு மட்டும் 1788-இல் ஒரு நூல் செய்தார். தேர்ச்சியை அளப்பதில் இரக்கமின்மை, அடுத்தவர் சோற்றில் கை வையாமை ஆகிய இரண்டும் ஒருவரிடத்தே இருந்தன.

1789-இல் புரட்சி எழுந்தது. மோன்ஜ் அதனை மனமார வரவேற்றார். 1792 ஆகஸ்டு முதல் 1793 ஏப்ரல் வரை கடற்படை மந்திரியாயிருந்தார். அப்பணியில் அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பின்னர்ப் பல முனைகளிலும் பகைவர் படையெடுத்து வர, நாட்டில் வெடிமருந்தும் பீரங்கியும் இல்லாத நெருக்கடி நேர்ந்தது. மோன்ஜும் தோழர்களும் ஆலை ஆலையாகச் சென்று உழைத்தனர். 1794 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆட்களைப் பாரிஸுக்கு வருவித்து, வெடியுப்பு எடுக்கவும் பீரங்கி வார்க்கவும் சில வாரங்களிற் கற்பித்து ஊருக்கு அனுப்பினர். கற்றவர் ஊர் சென்று மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வேற்பாட்டின் வெற்றியே பின்வந்த பெருமுயற்சிக்கு வித்தாயிற்று.

பழைய பள்ளிகள் புரட்சியிற் சிதைந்து போயின. நாட்டிற்கு இஞ்சினீயர் வேண்டும். லாம்பிளார்தி என்பார் எல்லா இஞ்சினீயர்க்கும் பொதுவான கலாசாலையொன்று வேண்டுமென்றார். மெஸியேரில் மோன்ஜின் மாணாக்கராயிருந்த கார்னோவும் பிரியேரும் அரசாங்கத்தின் உட்பகுதியிலிருந்து அதற்கு ஆதரவளித்தனர். பூர்குருவா சபையில் எடுத்துரைத்தார். கற்பிக்கும் முறையை வகுத்தவர் மோன்ஜ். 1794 செப்டம்பரிற் சட்டம் பிறந்தது. டிசம்பர் 21-இல் பாடங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டில் அதற்குப் பாலிடெக்னிக் என்னும் பெயர் அமைந்தது. நம் நாட்டில் அப்பெயர் டிப்ளமா தரும் தொழிற்பள்ளிகளைக் குறிக்கும். பிரான்சிலோ இஞ்சினீயரிங் கல்வியின் சிகரத்தைக் குறிக்கும். சென்னைக் கோட்டையில் எட்டு மாணாக்கரோடு நில அளவைப் பள்ளி தொடங்கியதும், அதுவே வளர்ந்து கிண்டிக் கலாசாலையானதும் நம்மனோர் அறிந்தனவே. அப்பள்ளி தோன்றியதும் இதே 1794-ஆம் ஆண்டில்தான்.

புதிய கலாசாலையின் வாயிலில் மோன்ஜும் தோழரும் போட்டியை நிறுத்தினர். 16 முதல் 20 வயதிற்குட்பட்டார் எவரும் வரலாம். குலச் சான்று வேண்டுவதில்லை. 22 நகரங்களில் ஒரே வகையான பரீக்ஷை. கணிதம் அறிந்தவரே உள்ளே புகுவர். செருப்புத் தைப்பவர் மகனும் நீதிபதி மகனும் ஒரே பலகையில் எழுத வேண்டும். ஏறக்குறைய 400 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்க்குச் சம்பளமும் அளித்து, நற்குடும்பத்தாரின் இல்லங்களில் தங்குவதற்கும் வகை செய்தனர்.

வாயிலைக் கடந்து உள்ளே சென்ற பின்னரோ காட்சி வேறு. நானூறு பேரும் ஏறக்குறைய இருபதின்மர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். குழுவிற்கு ஓர் அறை. அவ்வறைக்கு ஒரு தலைவர். தலைவர் ஆசிரியர் அல்லர், மாணாக்கரே. மண்டபத்தில் ஆசிரியர் சொற்பொழிவைக் கேட்ட பின்னர் இருபதின்மரும் தம் அறைக்கு வந்து, கேட்டதை வரைந்தும் கணக்கிட்டும் பார்ப்பர். ஒருவர்க்குத் தடையுற்றால் பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். அவர்க்கும் தெரியாவிடின் தலைவரைக் கேட்பார். தலைவர்க்கும் தெரியாவிடின் இருபதின்மரும் கூடி முட்டிக்கொள்வர். இரசாயனத்தையும் காதாற் கேட்டமையாது தாமே சோதனை செய்து பயின்றனர். கலாசாலை திறப்பதற்கு முன்னரே ஏறக்குறைய ஐம்பதின்மரைத் தேர்ந்து, ஒரு சிறிய இல்லத்தில் வைத்து, தலைவர் வேலைக்கு மோன்ஜ் பயிற்றினார். பகலெல்லாம் அவர்களோடு இருப்பார். ஒருவர் மேசையிலிருந்து மற்றொருவர் மேசைக்குச் செல்வார். இரவில் வீடு சென்று மறுநாட்குரிய தாள்களை எழுதுவார். பிற்காலத்திற் புகழ்பெற்ற பியோவும் மாலுஸும் இவ்வாறு பயின்ற தலைவர்களே.

அவ்வறைகளில் நூலை மறைப்பவனுக்குப் பயனில்லை என்பதை நாம் சற்று வெட்கத்தோடு எண்ணிப் பார்க்கின்றோம். பத்தொன்பதின்மர் கண்முன்னே மறைத்தல் அரிது. மறைத்தாலும், தனக்கு விளங்காததை விளக்குவார் அப்பத்தொன்பதின்மரே.

மோன்ஜ் கற்பித்த பாடமும் இம்முறைக்கு இயைந்ததாயிருந்தது. இரு பலகைகளை, ஒன்று தரையாகவும் மற்றொன்று சுவராகவும் நிற்பதாக நினைமின். வெளியிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து தரைக்கு ஒரு செங்கோடும் சுவருக்கு ஒரு செங்கோடும் விடுமின். இரண்டு அடிகளும் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, சுவரைப் பின்னே சாய்த்துத் தரையோடு தரையாக்கிவிடின், வெளியில் நின்ற புள்ளி ஒரு தாளில் அடங்கிவிடும். புள்ளிக்குச் செய்ததையே கோட்டிற்கும் பரப்பிற்கும் தூணுக்கும் விதானத்திற்கும் செய்யலாம். மோன்ஜ் இதனைக் கற்பிக்குங்கால் அவர் கைகளே பாதி பேசின. இல்லாத கூம்பையும் உருளையையும் விரல்களால் வெளியில் வனைந்து காட்டுவார் என்று கேட்டவர் எழுதியுள்ளனர். இத்தகைய படம் ஒருவனுடைய திறமையைக் காட்டுவதற்கன்று. பலர் கூடி ஒன்றைச் செய்வதற்குரிய பொதுமொழி. 1795-இல் அவர் ஆசிரியர்களைப் பயிற்றும் மற்றொரு பள்ளியில் இதனை வெளிப்படையாகச் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டனர், 1799-இல் நூலாயிற்று. மெஸியேரின் பூட்டு அன்றே உடைந்தது.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் உண்மை அதுவன்று. 1794-95-இன் குளிர்காலம் மிகக் கொடியது. பாரிஸில் உணவு இல்லை. காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. சம்பளம் பசிக்குப் போதாமையின் மாணாக்கர் பலர் விட்டுச் சென்றனர். மோன்ஜும் அரசியற் பகைக்கு அஞ்சி 1795-இற் சிலகாலம் மறைந்து வாழ நேர்ந்தது.

பின்னர் நெப்போலியனின் நட்பு வந்தது. 1796-இல் இத்தாலிக்குச் சென்ற குழுவில் மோன்ஜும் ஒருவர். வென்ற நாட்டின் சித்திரங்களையும் சிலைகளையும் பொறுக்கிப் பாரிஸுக்கு அனுப்புவது அக்குழுவின் வேலை. இதனை நாம் புகழ்வதற்கில்லை. 1798-இல் எகிப்துப் படையெடுப்போடு சென்றபோதோ, தம் கலாசாலையில் பயின்ற இளைஞர் நாற்பதின்மருக்கு அணித்தானவர் உடன் சென்றனர். அவருள் தெவில்லியே என்பவர்க்குப் பதினெட்டு வயதுதான். பாரிஸில் இறுதிப் பரீக்ஷை கொடாமலே கப்பலேறிவிட்டார். கெய்ரோ நகரில் மோன்ஜின் முன் அப்பரீக்ஷையைக் கொடுத்து இஞ்சினீயராயினார்! பரீக்ஷைக்கு இதனினும் விசித்திரமான மண்டபம் வேறு யாண்டும் அமைந்திராது.

அவ்விளைஞரும், அவரினும் நான்கு வயது மூத்தவராகிய ஜொல்லுவா என்பவரும், நைல் நதியின் நீர்ப்பாசனத்தை ஆராய்தற்குத் தென்னெகிப்துக்கு அனுப்பப்பட்டனர். தெந்தெராவின் கோயிலைக் கண்டதும் இருவர்க்கும் வேறு எண்ணம் இல்லாமற் போயிற்று. நீரின் வேலை முடிந்த நேரமெல்லாம் கோயிலை அளந்தனர்; ஒருவர் அளக்க மற்றொருவர் எழுத, ஒருவர் சிற்பத்தை வரைய மற்றொருவர் தூண்களின் தரைப்படமும் நிலைப்படமும் வரைய, மாறி மாறி உழைத்தனர். மேலதிகாரியோ இதனை விரும்பினாரல்லர். எழுதுகோல்கள் தீர்ந்தபோது துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை உருக்கி நாணற் குழாயில் ஊற்றி எழுதுகோல் செய்துகொண்டனர். கர்னாக், லுக்ஸோர் கோயில்களும் அவ்வாறே அளக்கப்பட்டன. அறியப்படாதிருந்த அரசர் கல்லறையொன்றையும் 1799-இற் கண்டனர். 1809 முதல் வெளிவந்த எகிப்து வருணனை என்னும் பெருந்தொகுதியில் அவர் எழுதிய பகுதிகள் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றன. எக்கோடு எவர் வரைந்தது என்று பிரித்தறிதல் எளிதன்று. பாரிஸின் அறைகளில் இருபதின்மராய் உட்கார்ந்து பயின்ற பழக்கம் பாலைவனத்தில் இவ்வாறு பயன்பட்டது என்றே நாம் கருதுகின்றோம்.

பாரிஸிலோ, அப்பழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. 1799 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது. லாப்லாஸ் முதலிய பேரறிஞரின் விருப்பப்படி நுண்கணிதம் மேலோங்கிற்று. வரைபடத்தின் நேரம் சுருங்கிற்று. பரீக்ஷையின் எடை கூடிற்று. கலாசாலையை விட்டு வெளியேறுவோரைத் தரவரிசையில் நிறுத்தி, அவ்வரிசையைக் கொண்டே உத்தியோகம் அளிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. முன்னிற்பவர்க்குச் சுரங்கமும் பாலமும் சாலையும். பின்னிற்பவர்க்குப் பீரங்கிப் படை. ஓர் எண் குறைந்தால் வாழ்நாள் முழுதும் வேறு வழி. இவ்வரிசையைக் குறை கூறுவது எளிது. ஆனால் அஃதில்லையேல் மந்திரியின் மருமகனே சுரங்கத்திற்குச் சென்றிருப்பான் என்பதையும் மறத்தலாகாது. வாயிலுக்குக் காவலாக மோன்ஜ் நிறுத்திய போட்டி, வீட்டினுள்ளும் வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது என்பதே நம் வருத்தம்.

1804-இல் நெப்போலியன் சக்கரவர்த்தியானார். மாணாக்கர் பலர்க்கு அது பிடிக்கவில்லை. உம்முடைய பிள்ளைகள் எனக்கு எதிராயிருக்கின்றனரே என்று அவர் மோன்ஜிடம் குறைகூற, அவர்களைக் குடியரசினராக்கவே பெரும்பாடு பட்டோம், சக்கரவர்த்திக்குரியவராக்கச் சற்றுக் காலம் வேண்டாவோ, தாங்களோ மிக விரைவாகத் திரும்பிவிட்டீர்கள் என்னும் பொருள்பட மோன்ஜ் விடை சொன்னாராம். சக்கரவர்த்தி கலாசாலையை இராணுவப் பாசறையாக்கினார்; 1805-இல் மாணாக்கர் ஆண்டுக்கு 800 பிராங்கு கட்டவேண்டும் எனவும் விதித்தார். சம்பளம் கொடுத்துச் சேர்த்த கலாசாலை சம்பளம் கேட்கலாயிற்று! சரக்கு விற்பவர் மகனுக்கு இது பொறுக்கவில்லை. வாதாடிப் பார்த்தார், பயனில்லை. தம் ஆசிரியச் சம்பளத்தை ஏழை மாணாக்கர்க்கென்று விட்டுக்கொடுத்தார்.

எனினும் முதலில் விதைத்தது முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு ஒன்று சொல்வோம். அக்கலாசாலையிற் பயின்று சாலை இஞ்சினீயராயிருந்தவர் பிரெனெல். ஒளி அலையாகச் செல்கின்றது என்பது அவர் கொள்கை. அதே கலாசாலையிற் பயின்ற அராகோ, தாமே பெயரெடுக்கக்கூடிய அத்துறையில், நாட்டுப்புறத்திலிருந்த பிரெனெலைப் பாரிஸுக்கு வருவித்து அவரோடு கூடி உழைத்தார். விஞ்ஞானக் கழகம் ஒளியின் வளைவு பற்றி ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. நடுவர் ஐவர், அவருள் லாப்லாஸ் நீங்கலாக, பியோ, புவாஸோன், கே-லுஸாக், அராகோ ஆகிய நால்வரும் பாலிடெக்னிக்கின் பழைய மாணாக்கரே. பிரெனெலின் கொள்கையை ஏற்காதவர் புவாஸோன். அக்கொள்கை மெய்யாயின் வட்டத் தட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒளிப்புள்ளி தோன்ற வேண்டும், அஃது எவ்வாறு கூடும் என்று கணக்கிட்டு மறுத்தார். அராகோ தட்டை வைத்துச் சோதித்தார். நிழலின் நடுவில் ஒளி நின்றது. 1819-இற் பரிசு பிரெனெலுக்கே கிடைத்தது. இதில் எது போட்டி, எது கூட்டு? எதிர்த்தவரின் கூர்மையான கணக்கு இல்லாவிடின் அப்புள்ளியை எவரும் தேடியிருக்க மாட்டார். தோழரின் கை இல்லாவிடின் எவரும் கண்டிருக்கவும் மாட்டார். முந்த நினைத்தவரும் தம் கணக்கை மேசைமேல் விரித்து வைத்தனர். அதுவே நாம் மறைத்த நூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

இவ்வெற்றியைக் காண மோன்ஜ் உயிரோடில்லை. 1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபின் பழைய அரச வமிசம் மீண்டது. 1816 மார்ச்சில் விஞ்ஞானக் கழகத்திலிருந்து மோன்ஜின் பெயர் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே பாலிடெக்னிக் மூடப்பட்டு மாணாக்கர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இச்செய்தி கிழவரை மிகவும் வாட்டிற்று, அறிவும் மங்கலாயிற்று. கலாசாலை 1817-இல் மீண்டும் திறக்கப்பட்டதாயினும் அவர் தெளிவடையவில்லை. 1818 ஜூலை 28-இல் பாரிஸிற் காலமானார்.

அவர் சவ ஊர்வலத்தில் உடன் செல்வதற்கு மாணாக்கர் அனுமதி வேண்டினர். அரசாங்கம் மறுத்துவிட்டது. அவர்களும் கட்டளைக்கு அடங்கி அன்று பாசறையிலேயே இருந்தனர். அடுத்து வந்த விடுமுறை நாளில் எல்லோரும் ஒருங்கு கூடி, பெர் லஷேஸ் இடுகாட்டிற்கு நடந்து சென்று, அவர் கல்லறைமீது மாலை சாத்தித் திரும்பினர். அவருட் பெரும்பாலார் மோன்ஜிடம் ஒரு பாடமேனும் கேட்டவரல்லர்.